பவுடரில் கூர்முகடு, படிகத்தில் மேடு: எதை நம்புவது?

கேள்வி: இட்டெர்பியம் டைட்டனேட் என்ற காந்தப் பொருளின் தன்வெப்பத்தை (வெப்பநிலையைக் கொஞ்சம் உயர்த்தத் தேவையான வெப்பத்தை) அளந்தேன். சூளையில் சுட்டெடுத்த பவுடரில் 0.26 கெல்வின் அருகே ஊசி போன்ற முகடு வருகிறது. ஃப்ளோட்டிங் ஸோன் முறையில், அதாவது ஒரு கம்பியைச் சிறிது சிறிதாக உருக்கி உறையவிட்டு, வளர்த்த படிகத்தில் அதற்குக் கீழே அகன்ற மேடு மட்டும்தான். ஒற்றைப் படிகம்தானே சுத்தமானது, பவுடர் அளவீட்டை ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்காதீர்கள். இந்தப் பொருளில் பெரும்பாலும் பவுடர்தான் உண்மையைச் சொல்கிறது. படிகம் பளபளப்பாக இருக்கும், எக்ஸ்-ரே புள்ளிகளும் அழகாக வரும். அதனால் மட்டும் அதன் வேதி விகிதம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

பவுடரில் எடை போட்டுக் கலந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். படிகத்துக்கோ பொருளை உருக்கியாக வேண்டும். அந்தச் சூட்டில் விகிதம் லேசாக நகர்ந்து, டைட்டானியம் இருக்க வேண்டிய சில இடங்களில் இட்டெர்பியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2012இல் ஒரு படிகத்தைப் பொடித்து நியூட்ரான் சிதறலில் பார்த்தபோது, டைட்டானியம் இடங்களில் நூற்றுக்கு இரண்டு சொச்சம் இப்படி மாறியிருந்தது.

இரண்டு சதவீதத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். இங்கே டைட்டானியத்துக்குக் காந்தத் திருப்புத்திறன் கிடையாது, இட்டெர்பியத்துக்கு உண்டு, அது ஒரு குட்டிக் காந்தம். தப்பான இடத்தில் உட்கார்ந்த ஒவ்வோர் இட்டெர்பியத்தையும் சுற்றி ஆறு இட்டெர்பியங்கள் வளையமாக நிற்கின்றன. அந்த ஆறும் புதிதாக ஓர் இழுப்பை உணரும். சாதாரண காந்தம் இதைக் கண்டுகொள்ளாது. இதுபோன்ற ஃப்ரஸ்ட்ரேட்டட் காந்தத்தில் நிலைமை வேறு: ஸ்பின்கள், அதாவது அந்தக் குட்டிக் காந்தங்கள், எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்க முடியாமல், ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள ஏராளமான நிலைகளுக்கு நடுவே தவிக்கின்றன. அங்கே சின்ன உந்துதலே போதும். முகடு மழுங்கும், கீழே இறங்கும், சில நேரம் இரண்டாகவும் பிளக்கும்.

சரி, உங்கள் கையில் இருப்பதை எப்படிச் சோதிப்பது? முதலில் நிறத்தைப் பாருங்கள். விகிதம் சரியான படிகம் நிறமற்று, கண்ணாடி போல இருக்கும். பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, ஒரு துண்டைப் பொடித்து, பவுடரோடு ஒரே கருவியில் எக்ஸ்-ரே எடுத்து அணிக்கோவை அளவை (அணுக்களின் அடுக்கு திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை) ஒப்பிடுங்கள். இட்டெர்பியம் அயனி டைட்டானியத்தைவிடப் பெரியது. அதனால் படிகத்தில் அந்த இடைவெளி கூடியிருந்தால் காரணம் தெரிந்துவிடும். வளர்த்த கம்பியின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் துண்டெடுத்து அளப்பது இன்னும் நல்லது, ஒரே கம்பியிலேயே விகிதம் நகரும்.

ஆக்சிஜனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது ஆக்சிஜன் காலியிடங்களை நிரப்பும், நிறமும் வெளுக்கும். இடம் மாறிய இட்டெர்பியம் அங்கேயே இருக்கும். எனவே வெளுத்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். இடமாற்றத்தைத் தவிர்க்க வளர்ப்பு முறையையே மாற்ற வேண்டும். டைட்டானியம் ஆக்சைடு கூடுதலாக உள்ள உருகலைக் கரைப்பானாக வைத்து, குறைந்த சூட்டில் வளர்த்தபோது தெளிந்த படிகமும் 0.268 கெல்வினில் ஒற்றைக் கூர்முகடும் கிடைத்தன.

உங்கள் அளவீட்டிலும் ஒரு கண் இருக்கட்டும். அந்தக் கூர்முகடு காட்டும் காந்த நிலை மாற்றம் முதல் வகை, அதாவது பனி உருகுவதுபோல உள்ளுறை வெப்பம் உண்டு. ஒரு சின்ன வெப்பத் துடிப்பு கொடுத்து, சாம்பிள் ஆறும் வேகத்தை ஒற்றை அடுக்குக்குறி வளைவாகப் பொருத்தினால் முகட்டின் உச்சி கணக்கில் வராமல் போகலாம். ஆறும் வளைவை அப்படியே வரைந்து பாருங்கள், நடுவில் தட்டையாக ஒரு தேக்கம் தெரியும். வெப்பம் நன்றாகக் கடத்தப்பட, பவுடரை வெள்ளித் தூளோடு அழுத்தி வில்லையாக்கினீர்களா? இல்லையென்றால் 0.2 கெல்வினுக்குக் கீழே உங்கள் வெப்பமானி சொல்வது சாம்பிளின் வெப்பநிலையே அல்ல.