எச் இன்டெக்ஸ், மேற்கோள், ஆய்வு வாழ்க்கை: கேட்டதும் சொன்னதும்

டி.என்.ஏ., புரதம் போன்றவற்றை ஆராயும் மூலக்கூற்று உயிரியல் ஆய்வாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும், மேற்கோள் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: அக்கா, ஒரு விஞ்ஞானிக்கு எச் இன்டெக்ஸ் 40 என்று போட்டிருந்தது. அது பெரிய எண்ணா?

அவருடைய கட்டுரைகளில் 40, ஒவ்வொன்றும் குறைந்தது 40 தடவை மற்றக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் சொன்ன கணக்கு இது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 6, 4, 1 என்று மேற்கோள் இருந்தால் அவருடைய எண் 4. முதல் கட்டுரைக்கு 4,000 வந்தாலும் அதே 4தான்! 40 நல்ல எண்தான் தங்கச்சி. ஆனால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது, அதனால் வயதும் அதில் சேர்ந்திருக்கிறது. கணிதக்காரரோடு உயிரியல்காரரை ஒப்பிடவும் வேண்டாம். கணிதத்தில் மேற்கோளே குறைவு.

கல்லடி, ஆசிரியர்: உலகிலேயே அதிக மேற்கோள் பெற்றது டி.என்.ஏ. இரட்டைச் சுருள் கட்டுரைதானே?

இல்லை சேர். அதிக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகள் என்று 2014இல் நேச்சர் இதழ் வெளியிட்ட பட்டியலில் அது இல்லவே இல்லை. முதலிடம் 1951இல் ஒலிவர் லோரியும் கூட்டாளிகளும் எழுதிய, புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறைக்கு. மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள். புரதத்தோடு செப்புக் கரைசலும் ஃபோலின் என்ற இரசாயனமும் சேர்த்தால் சோதனைக் குழாய் நீலமாகும். புரதம் கூடக் கூட நீலம் கடுமையாகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் புரதத்தோடு வேலை செய்யும் ஆய்வுகூடங்களில் அதை அளக்காமல் வேலை நகராது, இந்த முறையில் அளந்தவர்கள் லோரியைக் குறிப்பிட்டார்கள். அது மகத்தான கட்டுரை ஒன்றும் இல்லை என்று அவரே பிறகு எழுதினார். இரண்டாம், மூன்றாம் இடங்களும் புரத வேலை முறைகளுக்கே: 1970இல் லெம்லி, 1976இல் பிராட்ஃபோர்ட். மேற்கோள் சொல்வது எவ்வளவு பேருக்குப் பயன்பட்டது என்பதை. எவ்வளவு ஆழம் என்பது வேறு கணக்கு.

அக்கரைப்பற்று, இளம் விரிவுரையாளர்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகிள் ஸ்கொலரில் என் கட்டுரைகள் பாதிதான் வருகின்றன. ஏன் மிஸ்?

பெரும்பாலும் பெயர்ச் சிக்கல். நம் ஆட்கள் எல்லோருக்கும் வருவது. கந்தசாமியின் மகள் வசந்தி ஓர் இதழில் ‘கே. வசந்தி’. குடும்பப் பெயர் கேட்ட இன்னோர் இதழில் ‘வி. கந்தசாமி’. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு மூன்றாவது ஆள். கணினிக்கு மூவரும் வேறு வேறு, எண்ணும் மூன்றாகப் பிரிந்துவிடும். உங்கள் பக்கத்தில் முஹம்மது ‘எம்.’ ஆகிவிடுவதால் தலைகீழாகவும் நடக்கும்: வேறொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். அதையும் பார்த்து நீக்கிவிடுங்கள், நேர்முகத்தேர்வில் யாராவது கேட்டால் சங்கடம். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஓர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள இலக்கம் எடுங்கள். 16 இலக்கம், இலவசம். பெயர் மாறினாலும் அது மாறாது.

சம்மாந்துறை, மாணவர்: பௌதிகம் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியலுக்கு மாறினார். கலத்துக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்கு 2009இல் இரசாயன நோபல்.

ஆரையம்பதி, ஒரு தந்தை: மகள், என் பிள்ளை ஆய்வு செய்கிறாள். கட்டுரை வந்து இரண்டு வருஷம், மேற்கோள் ஒன்றும் இல்லை. துறையை விடச் சொல்லலாமா?

வேண்டாம் ஐயா. பார்பரா மக்ளின்டொக் சோளனில் இடம் மாறும் மரபணுக்களைப் பற்றி எழுதியது 1950இல். பலர் கண்டுகொள்ளவில்லை, நோபல் வந்தது 1983இல். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருஷம் குறைவான காலம், அதுதான் விஷயம். மேற்கோளை விட, பிள்ளையின் மேற்பார்வையாளர் வேலையை வாசித்துத் திருத்துகிறாரா, இரசாயனப் பொருள் வாங்கப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வந்தாறுமூலை, இறுதி வருட மாணவி: மூன்று நாளில் பிரசுரிக்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று ஒரு ஜேர்னல் ஈமெயில் அனுப்பியிருக்கிறது. அனுப்பவா?

அனுப்பாதீங்க. பணம் கேட்பது மட்டும் குற்றம் இல்லை, யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய (திறந்த அணுக்க) நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் பிரசுரத்துக்கு முன் கட்டுரையைச் சரிபார்க்கும் எந்த மதிப்பாய்வாளரும் மூன்று நாளில் ஒழுங்காக வாசித்து முடிக்க மாட்டார். ஆசிரியர் குழுவில் உள்ள இரண்டு பேருக்கு நேரே எழுதி, உண்மையில் அதில் இருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.