டைலர் திருப்பியனுப்பிய கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

பணிமனை ஒன்றில் இரவுக் காவல் பணி பார்க்கிறேன். ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கை வரலாற்றை அண்மையில் படித்து முடித்தேன். சிறைவைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு உரிமையை 1861இல் அவர் நிறுத்திவைத்தது சாசன மீறல்தானே? அமெரிக்க அதிபர்களில் முதல் பத்துப் பேரை எப்படி வரிசைப்படுத்துவீர்கள்? மகான்கள் எழுதியதால்தான் அவர்களின் அரசியல் சாசனம் ஓட்டையே இல்லாமல் நிற்கிறது என்பது என் எண்ணம்.

முருகவேல்

அன்புள்ள முருகவேல்,

ஊர் உறங்கும் நேரத்தில் லிங்கனைத் துணைக்கு வைத்துக்கொண்டு விழித்திருக்கும் ஒருவர் எனக்கு எழுதியிருப்பதே பெரிய மகிழ்ச்சி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பகலில் தூங்குங்கள்.

பட்டியல் கேட்கிறீர்கள். அதிபர்களுக்கு மதிப்பெண் போடும் வேலை எனக்கு வேண்டாம். லிங்கன் செய்தது மீறல் என்று அன்றைய தலைமை நீதிபதி டேனி எழுதினார். 1863 மார்ச்சில் அவர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த அதிகாரத்தை அவருக்குச் சட்டமாகவே வழங்கியது. இரண்டையும் படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்யலாம்.

ஆனால் மகான்கள், ஓட்டையே இல்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தச் சாசனத்தின் பெரிய ஓட்டை ஒன்றைப் பற்றித்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதிபர் இறந்தால் துணை அதிபர் அதிபராகவே ஆகிவிடுகிறாரா, அல்லது அந்த வேலையை மட்டும் பார்க்கிறாரா? 1787இல் எழுதிய அந்தப் பெரியவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 1841 ஏப்ரல் 4 அன்று, பதவியேற்ற ஒரே மாதத்தில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் இறந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

துணை அதிபர் ஜான் டைலர் அப்போது வர்ஜீனியாவில் தன் வீட்டில் இருந்தார். செய்தி கிடைத்ததும் வாஷிங்டனுக்கு விரைந்து, ஏப்ரல் 6 அன்று ஒரு விடுதியில், நீதிபதி கிராஞ்ச் முன்னிலையில், அதிபராகவே உறுதிமொழி எடுத்தார். இன்னொரு உறுதிமொழியே தனக்குத் தேவையில்லை என்றும், பின்னாளில் சந்தேகம் எழக் கூடாது என்பதற்காகவே எடுப்பதாகவும் அவர் சொன்னதை அந்த நீதிபதி சான்றிதழிலேயே பதிவுசெய்திருக்கிறார். முன்னாள் அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ், இது சாசனத்தின் இலக்கணத்துக்கே விரோதம் என்று நாட்குறிப்பில் பொருமினார். ‘தற்காலிக அதிபர்’ என்று முகவரியிட்டு வந்த கடிதங்களை டைலர் பிரிக்காமலேயே திருப்பியனுப்பினார் என்பார்கள்.

இவர் மகானா? அடிமைகளை வைத்திருந்தவர். சொந்தக் கட்சியே இவரை வெளியேற்றியது. அமைச்சர்களில் வெளியுறவைப் பார்த்த வெப்ஸ்டர் தவிர அத்தனை பேரும் 1841 செப்டம்பரில் விலகினார்கள். கடைசியில், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் காங்கிரசுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். லிங்கனை நேசிக்கும் உங்களுக்கு இந்த ஆளைப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆயினும் ஃபில்மோர் முதல் லிண்டன் ஜான்சன் வரை, அதிபர் இறந்து பதவிக்கு வந்த ஏழு பேரும் இவர் போட்ட தடத்தில்தான் நடந்தார்கள். லிங்கன் கொல்லப்பட்ட மறுநாள் நாட்டுக்கு ஓர் அதிபர் இருந்ததும் இந்தப் பிடிவாதக்காரரின் புண்ணியத்தால்தான். 25ஆவது திருத்தம் இதை எழுத்தில் வைத்தது 1967இல். அதுவரை 126 ஆண்டுகள் ஒரு முன்னுதாரணத்தை நம்பியே ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டை இல்லாத சாசனமாம்!

நம் அரசியல் நிர்ணய சபை இந்த இடத்தில் விழிப்பாக இருந்தது. குடியரசுத் தலைவர் இறந்தால், புதியவர் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும்வரை துணைத் தலைவர் அந்தப் பணியைச் செய்வார் என்று 65ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் இறந்து வி.வி. கிரி பொறுப்பேற்றபோது நான் பள்ளி மாணவன். முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, “கிரி ஜனாதிபதியாகிவிட்டார்” என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்திவைத்து, “ஆகவில்லை, அந்த வேலையைப் பார்க்கிறார்” என்று காபி ஆறும்வரை விளக்கினார். அந்த ஜூலையில் கிரியும் விலக, தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா அப்பணியை ஏற்றார். அப்பாவுக்கு அடுத்த விளக்கத்துக்கு வழி கிடைத்தது.

அடுத்த கடிதத்தில் பட்டியல் கேட்காதீர்கள். துணை அதிபரும் பெரும்பான்மை அமைச்சர்களும் சேர்ந்து, அதிபர் இயலாத நிலையில் இருக்கிறார் என்று அறிவிக்க வழிசெய்யும் 25ஆவது திருத்தத்தின் நான்காம் பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள். அதில் எனக்கு ஒரு பெரிய சண்டை பாக்கியிருக்கிறது.