மாடியிலும் கொடி, கோட்டையிலும் கொடி: இரண்டும் ஒரே சொல்லா?

கேள்வி: துணி காயப்போடுகிற கொடி, தேசியக் கொடி, தொப்புள்கொடி எல்லாம் ஒரே சொல்லா? எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிப் பிடிப்பது?

ஒரே சொல்தான். தானாக நிற்காது, பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும், நீளும், துவளும். இந்தக் குணம் எதற்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் தமிழில் கொடி என்றுவிட்டார்கள். அவரைக்குப் பந்தல், துணிக்குக் கம்பம், தாலிக்குக் கழுத்து, குழந்தைக்குத் தாய். விறகடுப்பில் பெரிய அடுப்பை ஒட்டி இருக்குமே கொடியடுப்பு, அதற்கும் தனித் தீ கிடையாது. பக்கத்து அடுப்பின் சூட்டை வாங்கித்தான் குழம்பைக் கொதிநிலையில் வைத்திருக்கும். நிகண்டில் காக்கைக்கும் கொடி என்று ஒரு பெயர் உண்டு. அது மட்டும் இந்தக் கணக்கில் வராது.

எந்தப் பொருள் என்று தெரிய, பின்னால் வரும் வினையைப் பாருங்கள். படர்ந்தால் செடி. ஏற்றினால், இறக்கினால் கம்பத்துக் கொடி. பிடித்தால் போராட்டம். பச்சைக்கொடி காட்டினால் அனுமதி. ரயிலில் கார்டு காட்டியதிலிருந்து வந்த வழக்கு. (கார்டுக்கு 2022 முதல் ரயில் மேலாளர் என்று பெயர். கொடி மாறவில்லை.) 'கட்டு' மட்டும்தான் குழப்பும். "காலையிலேயே கொடி கட்டப் போயிட்டான்" என்று ராயபுரத்தில் ஒருவர் சொன்னால், மாடிக்கா கட்சிக் கூட்டத்துக்கா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாடிக் கொடிக்கு வடசென்னையில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு: உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இரும்புக் கம்பியைக் கட்டினால் சீக்கிரமே துருப்பிடித்து, வெள்ளை வேட்டியில் பழுப்புக் கோடு விழும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியும் வெயிலில் உறை வெடித்ததும் அதே கதிதான். நைலான் கயிறு துருப்பிடிக்காது, ஆனால் ஈரப் போர்வையைப் போட்டால் தொய்ந்து தரையைத் தொடும். நடுவில் ஒரு கவைக்கொம்பை முட்டுக் கொடுங்கள், போதும்.

படர்கிற செடிக்கொடி என்ற பொருள் இந்தப் பக்கத்தில் கோயிலிலும் நிற்கிறது. பௌர்ணமி வெள்ளிக்கிழமையன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கிறவர்கள் நிறைய. கொடியிடை என்றால் கொடிபோல் மெல்லிய இடை. அந்தத் தலத்தின் கதையும் முல்லைக் கொடியில்தான் தொடங்குகிறது: தொண்டைமானின் யானைக் காலில் கொடி சுற்றிக்கொள்ள, வாளால் வெட்டியபோது லிங்கம் தெரிந்ததாம்.

தொப்புள்கொடி ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை. "கொடி சுற்றிப் பிறந்தா மாமனுக்கு ஆகாது" என்பதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். கழுத்தைச் சுற்றிய கொடியோடு பிறக்கும் பிள்ளைகள் ஏராளம். அத்தனை மாமன்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இனி கம்பத்துக் கொடி. பள்ளியிலும் குடியிருப்புச் சங்கத்திலும் ஆண்டுக்கு இரண்டு முறை மானம் போவது இங்கேதான்: கயிற்றை இழுப்பார்கள், கொடி விரியாது. காவி மேலே வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நீளவாக்கில் மடித்து, உள்ளே இரண்டு கைப்பிடி உதிரிப்பூ வைத்துக் கயிற்றுப் பக்கமாகச் சுருட்டுங்கள். விரிப்பதற்குமுன் பூவிதழ் வைக்க 2002-ஆம் ஆண்டுக் கொடிச் சட்டத்தொகுப்பே அனுமதிக்கிறது. கொடியின் கீழ்முனையில் கட்டியிருக்கும் கயிற்றால் அந்தச் சுருட்டை ஒரு சுற்று சுற்றி, கயிற்றை மடக்கி, அந்த மடிப்பை மட்டும் செருகி உருவாஞ்சுருக்குப் போட வேண்டும். முனையையே நுழைத்து இழுத்துவிட்டால் அது கடுமுடிச்சு. எத்தனை இழுத்தாலும் இறுகத்தான் செய்யும். முதல்நாள் மாலையே ஈரப்பூ வைத்தால் இதழ் அழுகித் துணி ஒட்டிக்கொள்ளும். கடலோரக் கம்பம் என்றால் கப்பியும் துருவேறிச் சிக்கும், ஆகவே முதல்நாளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வெறும் கயிற்றை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

அரைக்கம்பத்திலும் ஒரு தவறு நடக்கும். நேராகப் பாதி உயரத்தில் நிறுத்தக் கூடாது. உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குப் போய்த்தான் கீழே வர வேண்டும்.

செங்கொடிக்கும் இந்தக் கரைக்கும் பழைய உறவு. இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை 1923-இல் சிங்காரவேலர் நடத்தியது உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும்தான். ஆனால் துறைமுகத்தில் கப்பல்மேல் சிவப்புக் கொடி பறந்தால் அரசியல் தேட வேண்டாம். வால் பிளந்த அந்தக் கொடி பன்னாட்டுச் சைகை முறையில் 'பி' எழுத்து: ஆபத்தான சரக்கு ஏறுகிறது, இறங்குகிறது அல்லது உள்ளே இருக்கிறது என்று பொருள். மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் கொண்டுவரும் கப்பலில் இதைப் பார்க்கலாம். பாதி வெள்ளை பாதி சிவப்பு என்றால் துறைமுக வழிகாட்டி கப்பலில் இருக்கிறார். முழு மஞ்சள்தான் வேடிக்கை. ஒரு காலத்தில் 'உள்ளே தொற்றுநோய், கிட்டே வராதே' என்று அஞ்சவைத்த நிறம். இன்றைக்கு அதற்கு அர்த்தம் 'எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி கொடுங்கள்'.

காசிமேட்டுப் படகுகளில் கட்டுக்கட்டாக மூங்கில் கழியும் நுனியில் துணியும் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரமில்லை. கடலில் விட்ட வலை எங்கே கிடக்கிறது என்று காட்டும் கொடி. கழியின் நடுவில் மிதவை, அடியில் கல். கல்லின் எடை போதாவிட்டால் கழி சாய்ந்து துணி தண்ணீரில் படுத்துவிடும்; அடுத்த படகு அந்த வலைமேலேயே ஏறிப் போகும்.

ஆங்கிலத்தில் ஃப்ளாக் என்கிற எல்லாவற்றையும் கொடி என்று பெயர்க்காதீர்கள். நிரல் எழுதும்போது வருகிற ஆம்-இல்லை ஃப்ளாக்குக்குக் 'குறி' போதும். தளம் போடும் ஃப்ளாக் கல் வெறும் பாவுகல்.