லே போய் ஓடலாம். லீவு எத்தனை நாள்?

கேள்வி: எனக்கு வயது 44. நான்கு வருடங்களாக ஓடுகிறேன். கோவை மாரத்தானில் 21 கி.மீ. பிரிவை 2 மணி 25 நிமிடத்தில் முடித்தேன். எங்கள் ஓட்டக் குழுவில் சிலர் செப்டம்பரில் லடாக் மாரத்தானுக்குப் போகிறார்கள். வியாழன் காலை லே போய் இறங்கி, ஞாயிறு ஓடிவிட்டு, திங்கள் திரும்பத் திட்டம். எனக்கும் ஐந்து நாள் லீவுதான் கிடைக்கும். இன்னொரு கூட்டம் சிக்மகளூர் காபித் தோட்டங்களுக்குள் நடக்கும் மல்நாட் அல்ட்ரா என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறது. மலைப்பாதையில் நான் ஓடியதே இல்லை. கணவருக்கு 51 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். “மூச்சு முட்டி விழுந்தால் யார் பார்ப்பது?” என்று கேட்டுவிட்டு, துணைக்கு வருவதாகவும் சொல்கிறார். எனக்குப் போன மாதம் ஹீமோகுளோபின் 10.4 வந்தது, மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறேன். எங்கே போகலாம்? எப்படித் தயாராவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய இரண்டு எண்கள்தான் என்னை நிறுத்தின. லீவு 5 நாள். ஹீமோகுளோபின் 10.4. இந்த இரண்டும் இப்படியே இருந்தால் லே வேண்டாம். இரண்டையும் மாற்ற முடியுமானால் தாராளமாகப் போய் வாருங்கள். உங்கள் ஓட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, 21 கி.மீ.யை அந்த நேரத்தில் முடிப்பவருக்குக் காலில் வேண்டிய பலம் இருக்கிறது.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நமக்குத் தெரிந்த ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637தான். லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 65 சதவீதம். ஆக்சிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான் என்றாலும், அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போவது குறைந்துவிடுகிறது. விமானத்திலிருந்து இறங்கும்போது ஒன்றும் தெரியாது. வானம் அப்படி ஒரு நீலமாக இருக்கும், குளிர் முகத்தில் சுகமாக அடிக்கும், “இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க” என்று தோன்றும். விடுதியில் இரண்டு மாடி ஏறி, குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கும்போது மூச்சு வாங்கும். சாயங்காலம் தலை இடிக்க ஆரம்பிக்கும். சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்காது. ராத்திரி தூக்கம் விட்டுவிட்டு வரும்.

பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் அடங்குவது வேறு, 21 கி.மீ. ஓடுகிற நிலைக்கு உடம்பு வருவது வேறு. மூச்சின் வேகத்தைக் கூட்டுவதும், அதனால் ரத்தத்தில் மாறும் அமில–காரச் சமநிலையைச் சிறுநீரகம் சரிக்கட்டுவதும் நாள்கணக்கில் நடக்கிற வேலை. புதிய சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரங்கள் ஆகும். வியாழன் இறங்கி ஞாயிறு ஓடினால் தூக்கமும் சாப்பாடும் சரியில்லாத மூன்று நாளுக்குப் பிறகு, தண்ணீர் வற்றிய உடம்போடு போய் நிற்பீர்கள். ஏற்பாட்டாளர்களே பல நாள் முன்னதாக லே வந்துவிடச் சொல்கிறார்கள். அந்த விதியை உங்கள் குழுவில் யாராவது படித்தார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

“நன்றாக ஓடுகிறவர்களுக்கு அதெல்லாம் வராது” என்று யாராவது சொல்லியிருப்பார்களே? நம்பாதீர்கள். உயரம் உடற்தகுதியைப் பார்த்து விடுவதில்லை. சொல்லப்போனால் ஓடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாளே “கொஞ்சம் ஜாக் பண்ணிப் பார்ப்போம்” என்று கிளம்புவது அவர்கள்தானே.

இப்போது அந்த 10.4. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கோவையில் 10.4 வைத்துக்கொண்டு ஓடியது உங்கள் மனஉறுதியைக் காட்டுகிறது, வேறொன்றுமில்லை. ஆக்சிஜனைச் சுமக்கிற வண்டியே குறைவாக இருக்கும்போது, ஏற்றுகிற சரக்கும் குறைகிற ஊருக்குப் போவது புத்திசாலித்தனம் இல்லை. உயரத்தில் உடம்பு புதிய சிவப்பணு செய்ய இரும்புச்சத்தைக் கேட்கும். இருப்பில் இல்லாவிட்டால் எங்கிருந்து எடுக்கும்? மருத்துவரைப் பார்த்து, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 44 வயதில் அதுதான் காரணமாக இருப்பது சகஜம். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவைதான், ஆனால் இந்த அளவுக் குறைவை அவை மட்டும் நிரப்பிவிடாது. மாத்திரை தேவைப்படும், மாதக்கணக்கில் தேவைப்படும். காபி, டீயோடு சேர்த்து விழுங்க வேண்டாம். ஆகஸ்ட் ஆரம்பத்தில் மறுபடி பரிசோதித்து, 12ஐத் தொட்ட பிறகுதான் லே.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதைப் பயமுறுத்தல் என்று தள்ள வேண்டாம். ஆனால் ஓடாமல் கூடவே வருகிறவருக்கும் உயரம் ஒன்றுதான். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கிளம்புவதற்கு முன் இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள். உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு, கடைகளில் டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, தேவையா என்று அவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டயமாக்ஸ் சிறுநீரை அதிகமாக்கும், விரல் நுனி மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும். அதனால் ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பந்தய வாரத்தில் முதல்முறையாகச் சாப்பிட்டுவிட்டு மிரள வேண்டாம்.

இருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், குடித்தவர் மாதிரி தள்ளாடி நடப்பது, பேச்சில் குழப்பம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் “காலையில் பார்க்கலாம்” என்று படுக்கக் கூடாது. லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை என்ற அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சுற்றுலாப் பயணிகளை இந்தத் தொல்லையோடு பார்த்துப் பழகிய இடம். நேராக அங்கே போய்விடுங்கள்.

சரி, லீவைப் பத்து நாளுக்கு இழுக்க முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து டெல்லி போய், அங்கே ஒரு ராத்திரி ஒழுங்காகத் தூங்குங்கள். லே விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் கிளம்புவதால், பலர் ராத்திரி முழுக்க விமான நிலைய நாற்காலியில் கிடந்துவிட்டு, தூக்கமில்லாமல் 3,500 மீட்டரில் போய் இறங்குகிறார்கள். மிச்சம் பிடிக்கிற காசுக்கு அது கட்டுப்படியாகாது. குழுவில் யாராவது மணாலியிலிருந்து பைக்கில் போகலாம் என்று ஆசை காட்டினால், அந்த வழியில் ராத்திரி தங்கும் சர்ச்சுவே 4,290 மீட்டர் என்று சொல்லுங்கள். சாலைவழி போயே தீருவேன் என்றால் ஸ்ரீநகர்–கார்கில் வழி தேவலாம். கார்கில் 2,700 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, ஒரு ராத்திரி தங்கி ஏறலாம்.

லேயில் முதல் இரண்டு நாள் விடுதியை விட்டு அதிகம் நகராதீர்கள். சூடாகத் துக்பா (நூடுல்ஸ் சூப்) குடித்துவிட்டு, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது. மூன்றாம் நாள் கடைவீதியில் மெதுவாக நடை. நான்காம் நாள் தலைவலி இல்லாவிட்டால் மட்டும், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஒரு நான்கு கி.மீ. அப்புறம் சாந்தி ஸ்தூபியின் படிக்கட்டு, காரில் சிந்து நதியோரமாகத் திக்ஸே மடாலயம் என்று நாட்களை நகர்த்தலாம். பாங்காங் ஏரியும் கர்துங் லாவும் பந்தயம் முடிந்த பிறகுதான். ஏரி 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே போய்க் கூடாரத்தில் தூங்கிவிட்டு வந்தால், அதுவரை சேர்த்த பழக்கமெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். கர்துங் லா கணவாய்மேல் நின்று எல்லோரும் படம் எடுக்கும் பலகையில் நெடுங்காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள். அளந்தவர்கள் கணக்கு 17,600 அடிப் பக்கம்தான் வருகிறது. அந்த எண்ணூறு அடியைக் குறைத்துக்கொண்டாலும் 5,360 மீட்டர்! இதே விழாவில் 72 கி.மீ. பிரிவில் ஓடுகிறவர்கள் கர்துங் கிராமத்திலிருந்து கிளம்பி அந்தக் கணவாயைத் தாண்டித்தான் லே வருகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்வோம்.

பந்தயத்தன்று கோவை நேரத்தை மறந்துவிடுங்கள். அந்த உயரத்தில் 20 சதவீதம் கூடுதலாக எடுத்தால்கூட 2:25 என்பது 2:55ஐ நெருங்கிவிடும். அதனால் பணம் கட்டும் முன்பே கட்-ஆஃப் நேரத்தை, அதாவது ஓடி முடிக்க வேண்டிய கெடுவைப் பார்த்துவிடுங்கள். லே சரிவில் அமைந்த ஊர், கீழே சிந்துப் பள்ளத்தாக்கு. ஊரைவிட்டு வெளியே போகும்போது சாலை இறக்கமாக இழுத்துக்கொண்டு போகும், எல்லோரும் பறப்பார்கள். திரும்பி ஊருக்குள் வரும்போது அந்தக் கடனை ஏற்றமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் வெயில் ஏறிய பிறகு. குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். உதடு வெடிக்கும், தடவ ஏதாவது பையில் இருக்கட்டும்.

இந்த ஏற்றத்துக்கு மருதமலைச் சாலை போதும். வாரம் ஒருமுறை, இறங்குவதையும் பயிற்சியாக நினைத்து ஓடுங்கள். வார இறுதியில் ஊட்டிக்குப் போய் ஓடினால் உயரம் பழகிவிடுமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். பழகாது. கீழே இறங்கி வந்தால் இருக்கிற கொஞ்சமும் சீக்கிரமே கரைந்துவிடும். ஏற்ற இறக்கத்துக்கும் பக்கோடாவுக்கும் வேண்டுமானால் போய் வாருங்கள்.

பத்து நாள் கிடைக்கவே கிடைக்காது என்றால், சிக்மகளூரைத் தேர்ந்தெடுங்கள். அதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். எனக்குக் கேட்டால் மலைப்பாதைதான் ஓடுகிறவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது. கர்நாடகத்தின் மிக உயரமான முள்ளயனகிரியே 1,930 மீட்டர்தான், மூச்சுக்குப் பிரச்சினை இல்லை. தொல்லையெல்லாம் பாதத்துக்குக் கீழே. தோட்டத்து ஜீப் பாதையில் உதிர்ந்த சில்வர் ஓக் இலைகள் மெத்தை மாதிரிக் கிடக்கும், அதற்கு அடியில் ஈர வேரோ உருண்டைக் கல்லோ இருக்கும். தார்ச்சாலையில் ஓடிய கால் நீளமாக எட்டு வைக்கும். அங்கே அப்படி வைத்தால் கணுக்கால் பிசகும். சின்னச் சின்ன எட்டாக, பார்வையைப் பத்தடி முன்னால் வைத்து இறங்க வேண்டும். ஏற்றத்தில் கூச்சமே இல்லாமல் நடங்கள், முன்னால் போகிறவர்களும் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் காலில் நிற்க முடியும் என்று யோசியுங்கள். அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள ஷூ, முதுகில் தண்ணீர்ப் பை, சின்னத் துணியில் கட்டிய உப்பு மூட்டை. கடைசியாகச் சொன்னது அட்டைக்கு. மழை விட்ட பருவத்தில் அவை உங்களுக்காகக் காத்திருக்கும். கடித்தால் பதறிப் பிடுங்காதீர்கள், உப்பைத் தொட்டால் தானே விழுந்துவிடும்.

அங்கே 50, 100 கி.மீ. என்று பெரிய தூரங்கள்தான் பேர்போனவை. உங்கள் தோழிகள் 50க்குப் பதிந்தாலும், நீங்கள் இருப்பதில் சிறிய தூரத்துக்கே பதியுங்கள். 10.4 கணக்கு இங்கேயும் தொடரும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

லே என்று முடிவானால் இரண்டு சில்லறை விஷயங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. உங்களில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். வானிலையால் லே விமானங்கள் ரத்தாவது சகஜம் என்பதால், அலுவலகத்துக்குத் திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். குழுவாக டிக்கெட் போடப்போகிறவரிடம், நாங்கள் இருவரும் முன்னதாகவே தனியாகப் போகிறோம், எங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு மாற்றச் சொன்னால் பணமும் போகும், பேச்சும் கேட்க வேண்டி வரும்.