பின்சில்லும் திரும்பும் கார்: கழற்றுவதா, வைத்திருப்பதா?

கேள்வி (கோப்பாய்): என்னிடம் நிசான் ஸ்கைலைன் ஆர்33 கார் உள்ளது. ஏ9 வீதியில் வேகமெடுக்கும்போது பின்பக்கம் தானாக ஒதுங்குவது போலத் தோன்றுகிறது. பின்சில்லுகளையும் சற்றுத் திருப்பும் ஹைகாஸ் அமைப்பைக் கழற்றிவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். கழற்றலாமா?

பதில்: முதலில் காரின் பின்பக்கத்தை உயர்த்தி, தாங்கிகளில் உறுதியாக நிறுத்திவிட்டு, சில்லை மணிக்கூட்டின் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் பிடித்து மாறிமாறி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உங்கள் தொல்லைக்குக் காரணம் ஹைகாஸின் கம்பியூட்டர் அன்று. பின்சில்லைத் திருப்பும் தண்டுகளின் முனையிலுள்ள பந்து மூட்டுகள் தேய்ந்திருப்பதே காரணமாக இருக்கக்கூடும். ஹைகாஸ் பின்சில்லை ஏறத்தாழ ஒரு பாகை அளவுக்கே திருப்புகிறது. அவ்வளவு சிறிய அசைவை நம்பி அமைக்கப்பட்ட ஓர் அமைப்பில், மூட்டிலே ஒரு மில்லிமீற்றர் தளர்வு வந்தாலும் கார் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை ஓட்டுநரால் உணர முடியாமற் போகும். என்னிடம் வந்த இத்தகைய கார்களில் மூட்டுகளையும் தேய்ந்த இறப்பர் புஷ்களையும் மாற்றி, நான்கு சில்லுகளுக்கும் வீல் அலைன்மென்ட் செய்த பின்னர், கழற்றும் எண்ணத்தையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேகமாகச் செல்லும்போது பின்சில்லு முன்சில்லு திரும்பும் திசையிலேயே சற்றுத் திரும்பினால், வண்டியின் உடல் சுழலும் அளவு குறைந்து, தடம் மாற்றும்போது வால் வீசாமல் நிற்கும். ஹைகாஸின் நோக்கம் அதுதான். 1985 இல் ஆர்31 ஸ்கைலைனில் அறிமுகமாகி, ஆர்32 இல் எண்ணெய் அழுத்தத்தாலும் ஆர்33 இல் மின்மோட்டாராலும் இயங்கிய இந்த அமைப்பு, பந்தயத் தளத்தில் வண்டியை எல்லைவரை தள்ளி ஓட்டுவோருக்கு இடையூறாகத் தோன்றியது. கழற்றும் வழக்கம் அவர்களிடமிருந்து பரவியது. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்வரும் உங்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. எனினும் மூட்டுகளோ மோட்டாரோ கிடைக்கவில்லையென்றால், அரைகுறையாக விட்டுவைப்பதைவிட முழுமையாகப் பூட்டிவிடுவதே பாதுகாப்பானது. பின்சில்லுகளின் தண்டுகளை இடமும் வலமும் நகர்த்தும் பகுதியான ரக்கின் உள்ளே வைத்துப் பூட்டும் துண்டைவிட, ரக்கையே அகற்றி அதன் இடத்தில் அசையாத தண்டைப் பொருத்தும் முறையையே நான் விரும்புகிறேன். எந்த முறையாயினும், பின்சில்லுகளின் கோணத்தை அளந்து சரிசெய்யாமல் வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள். இல்லையேல் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ரயரும் விரைவில் தேயும்.

கேள்வி (சுன்னாகம்): ஹைகாஸ் கம்பியூட்டரின் வயரைக் கழற்றிவிட்டேன். எச்சரிக்கை விளக்கு ஒருபுறம் இருக்க, ஸ்டியரிங் மிகவும் கனமாகிவிட்டது. ஏன்?

பதில்: பவர் ஸ்டியரிங்கின் உதவியை வேகத்துக்கேற்பக் கூட்டிக் குறைப்பதும் அதே கம்பியூட்டர்தான். வயரைத் திரும்பப் பொருத்துங்கள். கழற்றியதால் பின்ரக்கும் பூட்டப்பட்டுவிடவில்லை. உள்ளிருக்கும் வில்லே அதை நடுவில் பிடித்துக்கொண்டிருக்கிறது, தேய்ந்த மூட்டுகள் தேய்ந்தபடியே இருக்கின்றன.

கேள்வி (நல்லூர்): தந்தையார் வைத்துவிட்டுப் போன மூன்றாம் தலைமுறை ஹொண்டா பிரெலூட். பின்சில்லுகளைத் திருப்பும் பற்சில்லுப் பெட்டியின் (பின்பெட்டியின்) இறப்பர் உறை கிழிந்துள்ளது. நடுத்தண்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக ஓட்டலாம் என்று ஒரு கராஜில் சொன்னார்கள்.

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். 1987 இல் வந்த இந்தக் காரின் நான்குசில்லுத் திருப்பத்தில் கம்பியூட்டரே இல்லை. முன்ரக்கிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின்பெட்டிக்குச் சென்று, அங்கேயுள்ள பற்சில்லுகளைச் சுழற்றுகிறது. ஸ்டியரிங்கைச் சிறிதளவு திருப்பினால் பின்சில்லு அதே திசையில் 1.5 பாகை வரை திரும்பும். ஏறத்தாழ 240 பாகை சுழற்றும்போது மீண்டும் நேராகும். அதற்கு மேல் எதிர்த்திசையில் 5.3 பாகை வரை போகும். பின்பெட்டியை நடுநிலையில் வைத்திருப்பதே அந்தத் தண்டு என்பதால், அதைக் கழற்றிப் பெட்டியை அப்படியே விடுவது உயிருக்கு ஆபத்தானது. உறையை மாற்றுங்கள், பழைய கிறீஸைத் துடைத்துப் புதியதை இடுங்கள். வேறு வேலைக்காகத் தண்டைக் கழற்ற நேர்ந்தால், முன்னும் பின்னும் நடுநிலையில் இருக்கும்போது அடையாளமிட்டுக் கழற்றி, அதே அடையாளத்தில் பூட்டச் சொல்லுங்கள்.

நல்லூரின் ஒழுங்கைகளில் இந்தக் கார் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: மதிலை ஒட்டி நிறுத்திய காரை எடுக்கும்போது, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக்கொண்டு புறப்பட்டால் பின்மூலை மதிலை நோக்கி ஒதுங்கி உரசும். சற்று நேராக முன்னே நகர்த்திய பின்னரே ஒடியுங்கள்.

கேள்வி (கொக்குவில்): என் நிசான் 180எஸ்எக்ஸ் காரில் ஹைகாஸைக் கழற்றினால் எரிபொருள் மிச்சமாகுமா?

பதில்: நீங்கள் உணரக்கூடிய அளவுக்கு ஆகாது. ரயரின் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருங்கள்.

கேள்வி (வேலணை): நாள்தோறும் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். உப்புக்காற்று இந்த அமைப்பைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும். இருபுறமும் கடல் உள்ள அந்த வீதியில் ஓடும் வண்டிகளின் அடிப்பகுதியில் கறள் பிடிப்பதை நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். பின்ரக்கும் மின்னிணைப்புகளும் சில்லுகளுக்கு நடுவே, தண்ணீர் தெறிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. வாரம் ஒரு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்று நீரை அடிப்பது உப்பின் மேல் உப்பைச் சேர்ப்பதாகும். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின் போதும் இறப்பர் உறைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உறை முழுமையாக இருக்கும் வரை உள்ளேயிருக்கும் மூட்டுக்கு உப்பு போய்ச் சேராது.