சேலம் ஜங்ஷனில் இறங்கி ஏற்காடு போகிறவருக்கு
போன தடவை விடியற்காலையில் இறங்கினதும் "ஏற்காட்டுக்கு பஸ்ஸே கிடையாது, டாக்சிதான்" என்று ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார், நிறையக் கொடுத்து ஏமாந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியை மட்டும் கையை விட்டு விடாதீர்கள் சார், அது போனால் பேரமும் போச்சு. ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ஏற்காடு பஸ் கிளம்புவது புதிய பஸ் நிலையத்தில், நடுவில் சில கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

டாக்சிதான் வேண்டுமா, சரி. சுமார் 30 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவு, காலியாகத் திரும்பி இறங்குகிற காசையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அது நியாயம்தான். ஆனால் பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டி "ஏசிக்குத் தனி, லக்கேஜுக்குத் தனி" என்று ஆரம்பித்தால்? எனக்கே நடந்தது. ஏறும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று பேசி, அந்தத் தொகையை வண்டி நம்பரோடு வாட்ஸாப்பில் டிரைவரையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.