பெர்மிட் காணிக்கு ஆட்சி உறுதி முடிக்காதீர்கள்

கிளிநொச்சி வட்டக்கச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஐம்பதுகளில் தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. தாய் முந்தியே காலமாகிவிட்டார், தகப்பன் 2004இல். தகப்பனுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளராகப் பதியப்பட்ட அண்ணர் 1990 முதல் கனடாவில். காணியைச் செய்து வந்தவர் இந்தச் சகோதரிதான். இப்போது அண்ணர் வந்து காணியைக் கேட்கிறார். நீண்ட காலம் ஆண்டதைக் காட்டிச் சொந்தம் கோரும் ஆட்சி உறுதியை நொத்தாரிசிடம் முடிக்கலாமா என்பது கேள்வி.

நகையை அடகு வைத்துக் கிணறு கட்டியதும், 2009இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்து பற்றை வெட்டியதும் உண்மைதான், சகோதரி. ஆனால் வழக்கு அதில் நிற்காது. தகப்பன் இறந்து ஆறு மாதத்துக்குள் அண்ணர் காணியைப் பொறுப்பெடுத்தாரா? இல்லையென்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 68ஆம் பிரிவுப்படி அந்த நியமனம் பலிக்காது.

சரி, அதனால் காணி உங்களுக்கு வந்துவிட்டதா? இல்லை. அடுத்து, உறவினரில் யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரும். 2004இல் அதில் மகன்மார் முன்னுக்கு, மகள்மார் அவர்களுக்குப் பின்னுக்கு. 2022 திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது, ஆனால் பழைய மரணத்துக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி நீதிமன்றம் ஏறாதீர்கள்.

நான் பயப்படுவது ஆட்சி உறுதிக்குத்தான். பத்து வருடம் ஆண்டால் சொந்தம் என்பது தனியார் காணிக்கு. பெர்மிட் காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை வராது என்று 161ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது. என்னிடம் வந்த ஒருவர் அப்படி உறுதி முடித்து, அதைக் காட்டி றோட்டுக்கரைத் துண்டைக் கடைக்காரருக்கு விற்றார். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாத விற்பனை செல்லாது. கடைக்காரர் காசைத் திருப்பிக் கேட்டார், பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலிருந்து பெர்மிட்டை ரத்துச் செய்யும் அறிவித்தல் வந்தது. பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த காணி அது. 2024இல் ‘உறுமய’ என்ற திட்டத்தில் அரசு பெர்மிட் காணிகளுக்கு முழு உரிமை உறுதி கொடுக்கத் தொடங்கியபோதும் அவரால் கேட்க முடியவில்லை.

ஆகவே அண்ணரோடு சமாதானமாகப் போங்கள். தாயின் சாவகச்சேரி உறுதிக் காணியில் உங்களுக்குப் பங்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவருக்கு விடுங்கள். அவர் பெர்மிட் காணியில் உரிமை கோரவில்லை என்று பிரதேச செயலாளர் முன்னால் எழுதிக் கொடுக்கட்டும். வேறு சகோதரர்கள் இருந்தால் அவர்களும்தான். பெர்மிட் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய பிறகே சாவகச்சேரி உறுதியில் கையெழுத்து வையுங்கள். அண்ணர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதற்கு முன்னால் வேண்டாம்.